தகப்பன் வீட்டின் "சரி" என்ற ஒரு வார்த்தை

வேதபகுதி: 1 சாமுவேல் 16:1-13, 17:12-30, 22:1-4, மாற்கு 3:20-35, யோவான் 7:1-10



வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் முடிந்தபின்பு தனியாக ஜெபிக்க வருகிறவர்களுடைய விண்ணப்பங்களைப் பல வருஷங்களாகக் கேட்டு வருகிறேன். வியாதி, கடன், வேலை, பிள்ளை பாக்கியம், இவைகள்தான் அதிகம். ஆனால் ஊழிய அழைப்பைப் பெற்ற வாலிபரும் வாலிபப் பெண்களும் வரும்போது அவர்களுடைய விண்ணப்பம் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கிறது. "ஐயா, ஆண்டவர் என்னைக் கூப்பிட்டது எனக்கு நிச்சயம். அதுல சந்தேகமே இல்ல. ஆனா எங்க அப்பா ஒரு தரம் சரின்னு சொல்லிட்டா போதும்யா." இதைச் சொல்லும்போதே தொண்டை அடைத்துவிடும். பணம் வேண்டும் என்று கேட்கிறதில்லை. பெரிய மேடை வேண்டும் என்று கேட்கிறதில்லை. அந்த ஒரே ஒரு வார்த்தைக்காக ஏங்குகிறார்கள்.

இந்த ஏக்கத்தை என்ன செய்வது? இந்த மாதம் இதைத்தான் வேத வெளிச்சத்தில் பார்க்கப் போகிறோம்.

முதலாவது ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நம்மில் சிலர் இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பார்த்து, "தம்பி, இதெல்லாம் மாம்சம். சிலுவையில் அறைஞ்சு போடு" என்று ஒரே வார்த்தையில் அனுப்பிவிடுகிறார்கள். எனக்கு அது சம்மதமில்லை. தகப்பனையும் தாயையும் கனம்பண்ணும்படி கட்டளை கொடுத்தவர் தேவன்தான். அந்தக் கட்டளை நிற்கிற இடத்திலே, தகப்பனுடைய முகத்தைப் பார்க்கிற கண்களையும் அவரே வைத்திருக்கிறார். ஏசாவைப் பாருங்கள். சேஷ்டபுத்திரபாகத்தை ஒரு நேரக் கூழுக்கு விற்ற மனுஷன் அவன். ஆவிக்குரிய காரியம் எதற்கும் அவன் கலங்கினதாக நாம் வாசிக்கிறதில்லை. அப்படிப்பட்டவன்கூட, தகப்பன் வாயிலிருந்து வரவேண்டிய ஒரு வார்த்தை தனக்கு இல்லை என்று அறிந்தபோது எப்படி அலறினான் என்று ஆதியாகமம் 27-ஐ வாசியுங்கள். அது மனுஷ இருதயத்தின் பசி. பசி பாவமல்ல. பசிக்கு எங்கே போய்ச் சாப்பிடுகிறோம் என்பதுதான் கேள்வி.

"அப்படியானால் லூக்கா 14:26 என்ன சொல்லுகிறது? தகப்பனையும் தாயையும் வெறுக்கச் சொல்லியிருக்கிறதே!" என்று கேட்பீர்கள். மத்தேயு 10:37-ஐப் பக்கத்திலே வைத்து வாசியுங்கள். அங்கே ஆண்டவர் தம்மைக் காட்டிலும் அதிகமாகப் பெற்றோரை நேசிக்கிறவனைப் பற்றிப் பேசுகிறார். முதலிடம் யாருக்கு என்பதுதான் காரியம். வீட்டிலே முகத்தைத் தூக்கிக்கொண்டு, அம்மா வைத்த சாப்பாட்டைத் தள்ளிவிட்டு, "நான் ஆண்டவருக்காக உங்களை வெறுக்கிறேன்" என்று சொல்லுகிற வாலிபனுக்கு அந்த வசனம் அனுமதிச் சீட்டு அல்ல. தகப்பனுடைய கண்ணீர் தன்னைத் தொடவே இல்லை என்று சாட்சி சொல்லுகிறவனை நான் ஆவிக்குரியவன் என்று நினைக்கிறதில்லை. கல்நெஞ்சு என்றுதான் நினைக்கிறேன்.

எலியாபின் கோபம்

இப்பொழுது ஈசாயின் வீட்டுக்கு வாருங்கள். சாமுவேல் தீர்க்கதரிசி பலியிட வந்திருக்கிறார். பெத்லெகேமிலே இதைவிடப் பெரிய விருந்தாளி யார்? ஈசாய் தன் குமாரரை ஒவ்வொருவராகக் கடந்துபோகப் பண்ணுகிறான். ஏழு பேர். எட்டாவது பிள்ளையைக் கூப்பிட வேண்டும் என்று தகப்பனுக்குத் தோன்றவே இல்லை. சாமுவேல் கேட்டபிறகுதான், ஆடு மேய்க்கிற சின்னவன் ஒருத்தன் இருக்கிறான் என்று ஞாபகம் வருகிறது. அவன் வருமட்டும் பந்தியிருக்க மாட்டேன் என்று சாமுவேல் சொன்ன இடத்தை நான் வாசிக்கும்போதெல்லாம், தேவ சமூகத்திலே ஒரு மனுஷனுக்காகச் சாப்பாடு காத்திருந்தது என்று நினைத்து ஸ்தோத்திரம் செலுத்துவேன். வீட்டார் மறந்துபோனவனுக்காகத் தீர்க்கதரிசி நின்றுகொண்டே இருந்தார். அல்லேலூயா!

தைலம் ஊற்றப்பட்டது எங்கே? சகோதரர் நடுவிலே, 16:13. அதைக் கவனித்தீர்களா? எலியாப் அதைக் கண்ணாலே பார்த்தவன். அதுமட்டுமல்ல, 16:6-ஐ வாசித்தால், சாமுவேலே முதலில் எலியாபைப் பார்த்து, இவன்தான் என்று நினைத்தார். உயரம் உண்டு, தோற்றம் உண்டு, தலைச்சன் பிள்ளை என்கிற உரிமையும் உண்டு. எல்லாம் இருந்தும் தைலம் அவனைத் தாண்டிப் போய்விட்டது.

அடுத்த அதிகாரத்திலே, வறுத்த தானியமும் அப்பமும் பால்கட்டியும் சுமந்துகொண்டு தாவீது பாளயத்துக்கு வருகிறான். யார் அனுப்பினது? தகப்பன். எதற்கு? அண்ணன்மார் சுகமாயிருக்கிறார்களா என்று பார்த்து வரச்சொல்லி. அவன் சாப்பாடு கொண்டுவந்த பையன். ஆனால் எலியாப் என்ன சொல்லுகிறான்? வனாந்தரத்திலே விட்ட அந்தக் கொஞ்சம் ஆடுகள் என்னவாயிற்று, நீ வேடிக்கை பார்க்க வந்தாய், உன் அகந்தை எனக்குத் தெரியும் என்கிறான். நம்ம ஊர்ப் பேச்சிலே சொன்னால், "பெரிய ஆளாயிட்டியோ? வீட்டு வேலையைப் பார்க்க வக்கில்ல, ஊழியம் செய்ய வந்துட்டான்!" இந்த வார்த்தையைக் கேட்காத அழைப்பு பெற்றவன் யார்?

அருமையானவர்களே, எலியாபைப் பிசாசின் பிள்ளை என்று பிரசங்கிக்கிறவர்கள் உண்டு. நான் அப்படிச் சொல்லமாட்டேன். அந்தக் கோபத்துக்குக் கீழே ஒரு காயம் இருக்கிறது. நாற்பது நாளாக அந்த ராட்சதனுக்கு முன்பாக நடுங்கி நின்ற வெட்கமும் அவனுக்குள் இருக்கிறது. நம்முடைய வீடுகளிலே எதிர்ப்புச் சொல்லுகிறவர்களுக்குள்ளும் ஏதோ ஒரு காயமோ பயமோ இருக்கும். தகப்பன் கத்தும்போது, அவர் எதற்குப் பயப்படுகிறார் என்று கேட்டுப் பாருங்கள். கடைசித் தங்கச்சிக்குக் கல்யாணம் ஆகவில்லை. வட்டிக்கு வாங்கின பணம் நிற்கிறது. "ஊழியக்காரனுக்கு யார் பொண்ணு குடுப்பா?" என்று சொந்தக்காரர் கேட்டுவிட்டார்கள். ஊழியத்துக்கு என்று போய், ஐந்து வருஷம் கழித்துக் குடும்பத்தைத் தெருவிலே விட்ட யாரோ ஒருவரை அவர் கண்டிருக்கிறார். இந்தப் பயங்கள் எல்லாம் அவிசுவாசம் என்று தள்ளத்தக்கவைகள் அல்ல. சிலவற்றிற்குப் பதில் சொல்லவேண்டிய கடமை உங்களுக்கு உண்டு.

தாவீது என்ன செய்தான்? 17:30. நான் என்ன செய்தேன் என்று ஒரே கேள்வி கேட்டுவிட்டு, அண்ணனை விட்டு வேறொருவன் பக்கமாகத் திரும்பினான். அவ்வளவுதான்! அண்ணனோடு அரைநாள் வாதாடவில்லை. "சாமுவேல் எனக்குத் தைலம் ஊற்றினதைப் பார்த்தாயே" என்று நினைப்பூட்டவில்லை. "பார், இவனை விழத்தட்டி உனக்குக் காட்டுகிறேன்" என்று சவால் விடவுமில்லை. பள்ளத்தாக்கின் அந்தப் பக்கத்திலே நிற்கிறவன்தான் கோலியாத். எலியாப் கோலியாத் அல்ல. இந்த வித்தியாசம் தெரியாமல், வீட்டிலே அண்ணனோடு யுத்தம்பண்ணி, தன்னிடத்திலிருந்த ஐந்து கல்லையும் அங்கேயே எறிந்துவிட்டு, வெறுங்கையோடு ஊழியத்துக்கு வந்தவர்கள் எத்தனை பேர்!

அரிசி மூட்டை

என் தகப்பனாரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவர் வயல்காரர். எங்கள் பாரம்பரிய சபையிலே கணக்கு எழுதிக் கொடுக்கிறவர். ஒரு ரூபாய் பிசகினால் இரவு தூங்கமாட்டார். நான் முழுக்கு ஞானஸ்நானம் எடுத்ததையாவது பொறுத்துக்கொண்டார். வேலையை ராஜினாமா செய்துவிட்டு முழுநேர ஊழியத்துக்கு வருகிறேன் என்று சொன்ன அன்றைக்கு, திண்ணையிலே உட்கார்ந்தபடி, "ஏலே, உன்ன படிக்க வச்சது ஊர்க்காரன்கிட்ட கை நீட்டவா?" என்று ஒரு கேள்வி கேட்டார். பிறகு என்னோடு அதைப் பற்றிப் பேசவே இல்லை. நான் பிரசங்கித்த எந்தக் கூட்டத்துக்கும் வரவில்லை. சபைக்கட்டிடம் பிரதிஷ்டை செய்த நாளிலே அம்மா வந்தார்கள், அவர் வரவில்லை.

ஆனால் ஒவ்வொரு அறுப்புக்கும், எங்கள் ஊர் பஸ்ஸிலே ஒரு மூட்டை அரிசி வரும். கடிதம் இருக்காது. கண்டக்டர் இறக்கிவைத்து, "ஒங்க அப்பா ஏத்திவிட்டாவ" என்பார். பதினோரு வருஷம் அப்படி வந்தது. அவர் மரிக்கும் வரைக்கும் "சரி" என்று என்னிடத்தில் சொன்னதில்லை.

இதைச் சாட்சியாகச் சொன்னபோது ஒரு சகோதரர், "ஐயா, அந்த மூட்டைதான் அவருடைய சரி" என்று சொல்லிக் கண்ணீர் விட்டார். அவர் நல்ல எண்ணத்தோடு சொன்னார். ஆனால் நான் அப்படி எடுத்துக்கொள்கிறதில்லை. என் தகப்பனார் கணக்குக்காரர். சரி என்று நினைத்திருந்தால் சரி என்று சொல்லியிருப்பார். அவர் சரி என்று நினைக்கவில்லை. என் பிள்ளை பட்டினி கிடக்கக்கூடாது என்று மாத்திரம் நினைத்தார். அது அன்பு. அங்கீகாரம் வேறே, அன்பு வேறே. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டுதான் அநேக வாலிபர் வேதனைப்படுகிறார்கள். "அப்பா ஒத்துக்கல, அப்ப அப்பாவுக்கு என்மேல பாசமே இல்ல" என்கிறார்கள். தம்பி, தங்கச்சி, உன் வீட்டிலே உனக்கு "சரி" வராமல் இருக்கலாம். அரிசி வந்துகொண்டிருக்கிறதா என்று பார். நீ ஊருக்குப் போகும்போது அம்மா மீன்குழம்பு வைக்கிறார்களா? ராத்திரி பஸ் ஏறினபிறகு, போய்ச் சேர்ந்தாயா என்று யாராவது கேட்கிறார்களா? அதை அன்பாகவே வாங்கிக்கொள். அதைச் சம்மதமாக மாற்றிப் பேசவும் வேண்டாம், ஒன்றுமில்லை என்று தள்ளிவிடவும் வேண்டாம்.

பம்பாய் துறைமுகத்தில் நின்ற மகன்

சகோதரர் பக்த்சிங் அவர்களை நம்மில் மூத்தவர்கள் அறிவார்கள். 1903-ல் பஞ்சாபிலே ஒரு சீக்கிய குடும்பத்திலே பிறந்தவர். பொறியியல் படிக்க 1926-ல் இங்கிலாந்துக்குப் போக விரும்பினபோது, தகப்பனார் சம்மதிக்கவில்லை. தாயார்தான் மகனுக்காகப் பரிந்து பேசினார்கள். அப்படிப் பேசுவதற்கு முன், மதம் மாறமாட்டேன் என்று மகனிடத்தில் வாக்கு வாங்கிக்கொண்டார்கள். இதை அவரே தம்முடைய சாட்சியிலே சொல்லியிருக்கிறார். அந்த வாக்கு கொடுத்த பையன்தான் 1929-ல் கனடாவிலே புதிய ஏற்பாட்டை வாசித்து ஆண்டவரை ஏற்றுக்கொண்டார். 1932 பிப்ரவரியில் வான்கூவரில் ஞானஸ்நானம் பெற்றார்.

1933-ல் கப்பலேறி பம்பாய்க்குத் திரும்பினபோது பெற்றோர் அவரைச் சந்திக்க வந்திருந்தார்கள். அவர்கள் கேட்டது பெரிய காரியம் ஒன்றுமில்லை. குடும்ப மானத்துக்காக இதை வெளியே சொல்லாமல் வைத்துக்கொள் என்றார்கள். உள்ளத்திலே எதையாவது நம்பிக்கொள், வெளியே தெரியவேண்டாம். யோசித்துப் பாருங்கள், பிரியமானவர்களே! தாய்க்குக் கொடுத்த வாக்கு ஒரு பக்கம். ஏழு வருஷமாகப் பார்க்காத முகங்கள் எதிரே. எத்தனை சின்ன விலை! அவரால் அதற்கு இசையக்கூடாமற்போயிற்று. பெற்றோர் அவரை அங்கேயே விட்டுவிட்டு ஊர் திரும்பினார்கள். அந்நிய பட்டணத்திலே அவர் தனியாக நின்றார்.

பிற்பாடு நடந்ததை நம் சென்னை அறியும். 1941-ல் பல்லாவரம் மலையிலே இராமுழுவதும் ஜெபித்து, யெகோவா சம்மா என்ற சபை ஐக்கியம் தொடங்கினது. 2000-ம் வருஷம் செப்டம்பரில் ஐதராபாத்திலே நித்திரையடைந்தார். அவருடைய தகப்பனாரும் பிற்காலத்திலே கிறிஸ்துவண்டை வந்தார் என்று அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் சொல்லுகிறார்கள். சாது சுந்தர்சிங் வரலாற்றிலும் அப்படியே: 1905-ல், பதினாறு வயதிலே சிம்லாவில் ஞானஸ்நானம் பெற்ற அந்தப் பிள்ளையை வீட்டைவிட்டுத் தள்ளின தகப்பனார், பின்னாட்களில் மனம் திரும்பி, மகன் 1920-ல் மேல்நாடு போகக் கப்பல் செலவுக்குப் பணம் கொடுத்தார் என்கிறார்கள்.

கேட்க இனிமையாக இருக்கிறது. கூட்டங்களிலே இந்தக் கடைசிப் பாகத்தைத்தான் நாம் உரத்த சத்தமாகச் சொல்லுகிறோம். "பார்த்தீர்களா, உங்க அப்பாவும் வருவார்!" சபை முழுவதும் ஆமென் சொல்லும். எனக்கோ பம்பாயிலே நின்ற அந்த முதல் நாள்தான் முக்கியமாகத் தெரிகிறது. தகப்பனார் பிறகு வருவார் என்று அன்றைக்கு அவருக்குத் தெரியாது. வருவார் என்கிற உத்தரவாதத்தின்பேரில் அவர் நிற்கவில்லை. வராமலே போனாலும் அதே இடத்தில்தான் நின்றிருப்பார்.

ஆண்டவருடைய வீட்டார்

எல்லாவற்றிற்கும் மேலாக, நம் ஆண்டவருடைய வீட்டைப் பாருங்கள். மாற்கு 3:21. சாப்பிடக்கூட நேரமில்லாமல் ஜனங்கள் நெருக்கிக்கொண்டிருக்கிற சமயத்திலே, அவருடைய இனத்தார் அவரைப் பிடித்துக்கொண்டுபோக வருகிறார்கள். புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்தார்கள். எதிராளிகள் சொன்னதைவிட இது கசப்பு. யோவான் 7:5, அவருடைய சகோதரர்கூட அவரை விசுவாசிக்கவில்லை. நாசரேத்திலே என்ன பேச்சு? தச்சன்தானே, இவன் அண்ணன் தம்பிமாரை நமக்குத் தெரியாதா? முப்பது வயதுவரை அந்த வீட்டிலே கீழ்ப்படிந்து, உழைத்து, சேர்ந்து சாப்பிட்ட மனுஷனைப் பற்றின பேச்சு இது.

அதை அவர் எப்படித் தாங்கினார்? இங்கேதான் ஒழுங்கு முக்கியம். மாற்கு முதலாம் அதிகாரத்திலே, யோர்தானிலிருந்து கரையேறினவுடனே, பிதா வானத்திலிருந்து பேசுகிறார்: நீர் என் நேசகுமாரன், உம்மேல் எனக்குப் பிரியம் என்கிற பொருளிலே. எப்பொழுது? ஒரு குஷ்டரோகியும் சுத்தமாகவில்லை. ஒரு பிசாசும் துரத்தப்படவில்லை. ஒரு பிரசங்கமும் நடக்கவில்லை. தச்சுப் பட்டறையிலிருந்து வந்து முழுக்கு எடுத்த அந்த நேரத்திலேயே, தகப்பனுடைய அங்கீகாரம் முழுவதுமாகக் கொடுக்கப்பட்டாயிற்று! முதலாம் அதிகாரத்தில் அதைக் கேட்டவர் மூன்றாம் அதிகாரத்தில் வீட்டார் பேச்சைத் தாங்குகிறார். நாமோ பல நேரம் இதைத் திருப்பிப்போட்டு, முதலில் வீட்டார் சொல்லட்டும், பிறகு ஊழியத்தில் பலன் வரட்டும், அதற்குப் பிறகுதான் பிதாவுக்கு நம்மேல் பிரியம் என்று நம்புவேன் என்கிறோம். அப்படிப்பட்டவனுக்கு எந்தத் தகப்பன் எத்தனை தரம் சரி சொன்னாலும் பற்றாது. நாளைக்கு மறுபடி கேட்பான்.

யோவான் 7-ல் இன்னொரு காரியமும் இருக்கிறது. சகோதரர் அவரைக் கேலியாகத் தூண்டுகிறார்கள்: இங்கே ஏன் ஒளிந்திருக்கிறாய், பண்டிகைக்குப் போய் உலகத்துக்கு முன்பாக உன்னைக் காட்டு என்று. அவர் அவர்களுக்காகத் தம்மைக் காட்டினாரா? இல்லை. என் வேளை வரவில்லை என்றார். பிறகு பண்டிகைக்குப் போனபோதும் வெளியரங்கமாய்ப் போகவில்லை. வீட்டாருக்கு நிரூபிப்பதற்காக ஓர் அற்புதத்தையும் அவர் செய்யவில்லை.

பிரியமான உடன் ஊழியரே, இந்த இடத்தில் கொஞ்சம் தைரியமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நமக்குள்ளே "காட்டணும்" என்கிற ஓர் ஊழியம் இருக்கிறது. "எங்க அப்பா என்னைப் பிச்சைக்காரன்னாரு, அவருக்குக் காட்டணும்." "எங்க அண்ணன் ரெண்டு மாடி கட்டிட்டான், நான் சபைக்கு மூணு மாடி கட்டிக் காட்டணும்." அதற்காகக் கடன் வாங்கி மண்டபம் எழும்புகிறது. அறுபது பேர் வந்த கூட்டத்தை அறுநூறு என்று துண்டுப்பிரசுரம் பேசுகிறது. இப்பொழுதெல்லாம் செல்போன் இருக்கிறது; கூட்டம் முடிகிறதற்கு முன்னே, நெரிசலாகத் தெரிகிற மூலையாகப் பார்த்து ஒரு போட்டோ எடுத்து, குடும்ப வாட்ஸ்அப் குரூப்பிலே போட்டாயிற்று. யாருக்குப் பிரசங்கித்தோம்? எதிரே உட்கார்ந்திருந்த அந்த அறுபது ஆத்துமாக்களுக்கா, ஊரிலே திண்ணையில் உட்கார்ந்திருக்கிற ஒரு தகப்பனுக்கா? அந்த அறுபது பேரும் பசியோடு வந்தவர்கள். இப்படி ஓர் ஊழியம் நடக்கும்போது சபையின் காணிக்கை ஒருவருடைய வீட்டுச் சண்டைக்குச் செலவாகிறது என்றுதான் அர்த்தம்.

வீட்டார் எப்பொழுது வந்தார்கள் என்றும் பாருங்கள். தாவீதின் வீட்டார் 1 சாமுவேல் 22:1-ல் அவனிடத்தில் வருகிறார்கள். அவன் ராஜாவின் மருமகனாய் அரமனையில் இருந்த நாளிலே வந்ததாக எழுதியிருக்கவில்லை. அதுல்லாம் குகையிலே, எல்லாம் இழந்து, உயிருக்கு ஓடி ஒளிந்த நாளிலே வந்தார்கள். ஆண்டவருடைய சகோதரர் எங்கே வந்து சேர்ந்தார்கள்? அப்போஸ்தலர் 1:14, மேல்வீட்டறையிலே! ஐயாயிரம் பேருக்கு அப்பம் கொடுத்த நாளிலே அல்ல. குடும்பத்துக்கே அவமானமாகச் சிலுவை மரணம் நடந்தபிறகு, உயிர்த்தெழுந்தவர் யாக்கோபுக்குத் தரிசனமானபிறகு. மரியாளும் அந்தச் சகோதரரும் நூற்றிருபது பேரோடு ஜெபித்துக்கொண்டிருந்தார்கள். பைத்தியம் என்று பிடிக்க வந்த வீட்டார்மேல் அக்கினிமயமான நாவுகள் இறங்கின. ஸ்தோத்திரம்! ஆனால் அதற்கு முன்னே சிலுவையடியிலே தாயை ஒப்படைக்க ஆண்டவருக்கு ஒரு தம்பியும் கிடைக்கவில்லை, சீஷனாகிய யோவானிடத்தில் ஒப்படைத்தார் என்பதையும் மறக்க வேண்டாம்.

மனைவியின் "சரி" வேறு

ஒரு காரியத்தில் நான் சொன்னதைத் தவறாக எடுத்துக்கொள்ளக்கூடாது. தகப்பன் சம்மதம் இல்லாமல் போவதும், மனைவியின் சம்மதம் இல்லாமல் போவதும் ஒன்றல்ல. தகப்பன் வீட்டை விட்டுத்தான் ஒருவன் மனைவியோடு இசைகிறான் என்று வேதம் சொல்லுகிறது. அவள் ஒரே மாம்சம். ஒரே மாம்சத்திலே பாதி கூப்பிடப்பட்டு, மறுபாதி இழுத்துக்கொண்டு போகப்படலாமா?

வில்லியம் கேரி ஐயாவின் மிஷனரி வரலாற்றை நாம் பெருமையோடு சொல்லுகிறோம், சொல்லத்தக்கதுதான். ஆனால் தொரோத்தி அம்மாவை யார் நினைக்கிறார்கள்? கர்ப்பவதியாக இருந்த அந்தத் தாய், இந்தியாவுக்கு வரமாட்டேன் என்று முதலில் தெளிவாகச் சொன்னார்கள். கேரி மூத்த மகனை மாத்திரம் கூட்டிக்கொண்டு புறப்பட்டார். பயணம் தடைபட்டுத் தாமதமானபோது, திரும்பவும் வீட்டுக்கு வந்து வற்புறுத்தினார்கள். பிள்ளை பிறந்து சில வாரங்களே ஆன அந்தத் தாய், தன் தங்கையும் கூட வந்தால் வருகிறேன் என்று அவசரத்திலே ஒத்துக்கொண்டார்கள். 1793 ஜூன் மாதம் கப்பல் புறப்பட்டது. 1794-ல் வங்காளத்திலே ஐந்து வயது மகன் பீட்டர் மரித்தான். அதன்பின் அந்த அம்மாவின் மனம் கலங்கிப்போயிற்று. 1807-ல் செராம்பூரில் மரிக்கும்வரை தெளியவில்லை. அந்த வியாதிக்கு இதுதான் காரணம் என்று தீர்ப்புச் சொல்ல நான் வைத்தியன் அல்ல. ஆனால் நெருக்கிப் பிடுங்கின "சரி" ஒரு "சரி" அல்ல என்பது மாத்திரம் எனக்குத் தெரிகிறது.

பேதுருவோ தன் மனைவியைக் கூட்டிக்கொண்டு ஊழியத்தில் திரிந்தார் என்று 1 கொரிந்தியர் 9:5-ல் விளங்குகிறது. சகோதரரே, ராஜினாமா கடிதம் எழுதுகிறதற்கு முன் உங்கள் மனைவியிடம் பேசுங்கள். அவள் பயப்படுகிறாள் என்றால் காத்திருங்கள். பிள்ளைகளின் பள்ளிக்கட்டணம் எப்படி என்று அவள் கேட்டால், "விசுவாசமில்லாதவளே" என்று சொல்லி வாயை அடைக்க வேண்டாம்.

கடமை தீர்ந்துபோகிறதில்லை

வீட்டார் அங்கீகரிக்கவில்லை என்பதால் வீட்டாருக்குச் செய்யவேண்டியது நின்றுபோகுமா? மாற்கு 7-ல் ஆண்டவர் கொர்பான் என்கிற பழக்கத்தை எவ்வளவு கடுமையாகக் கண்டித்தார்! பெற்றோருக்கு உதவவேண்டிய பணத்தைக் காணிக்கை என்று பேர் வைத்துத் தப்பித்துக்கொள்ளுகிற பக்தி அது. அம்மாவுக்குச் சர்க்கரை மாத்திரை வாங்கப் பணமில்லை, மகன் கன்வென்ஷனுக்குப் பந்தல் காணிக்கை கொடுத்தான் என்றால், அதற்கு நம் பாஷையிலே வேறு பேர் இருந்தாலும், ஆண்டவர் வைத்த பேர் கொர்பான்தான்.

எலிசாவைப் பாருங்கள். அழைப்பு வந்தபோது, தகப்பனையும் தாயையும் முத்தஞ்செய்துவிட்டு வருகிறேன் என்றார், எலியா தடுக்கவில்லை. லூக்கா 9:61-ல் ஒருவன் இதைப் போலவே கேட்டபோது ஆண்டவர் கலப்பையைக் காட்டி எச்சரித்தார். ஏன் இந்த வித்தியாசம்? எலிசா விடைபெறப் போனபோது, ஏர் மாடுகளை அடித்து, ஏரின் மரமுட்டுகளையே விறகாக்கிச் சமைத்து ஜனத்துக்குப் பரிமாறிவிட்டுப் போனார். திரும்பி உழ மாடும் இல்லை, ஏரும் இல்லை. அப்படி விடைபெறுகிறவன் எத்தனை தரம் வேண்டுமானாலும் அம்மாவை முத்தஞ்செய்யலாம். செபெதேயுவையும் அவன் பிள்ளைகள் அநாதையாக விட்டுப் போகவில்லை. படவிலே கூலியாட்கள் இருந்தார்கள் என்று மாற்கு கவனமாக எழுதியிருக்கிறார்.

தாவீது குகையிலிருந்து செய்த முதல் காரியங்களில் ஒன்று, வயதான பெற்றோரை மோவாபுக்குக் கூட்டிக்கொண்டுபோய், அந்நாட்டு ராஜாவிடத்திலே அவர்களுக்கு அடைக்கலம் கேட்டது. தகப்பனைப் பெற்ற பாட்டனுக்குத் தாயான ரூத்தின் தேசம் அது. சாமுவேல் வந்த நாளிலே தன்னைக் கூப்பிட மறந்த அதே தகப்பன்! "அன்றைக்கு என்னை மறந்தீர்களே" என்று தாவீது கேட்டதாக ஒரு வரியும் இல்லை. எலியாபும் தம்பியிடத்திலே, நான் பேசினது தவறு என்று சொன்னதாக எங்கும் எழுதியிருக்கவில்லை. கணக்கு அப்படியே நிற்கிறது. தாவீதோ பெற்றோர் ராத்தங்க இடம் தேடுகிறான்.

பெற்றோரே, உங்களுக்கும் ஒரு வார்த்தை

இந்தச் சபையிலேயே, உங்கள் பிள்ளை ஊழியத்துக்குப் போகிறேன் என்று சொன்ன நாளிலிருந்து முகம் கொடுத்துப் பேசாத தகப்பன்மார் உண்டு. மகள் வேதாகமப் பள்ளிக்குப் போகிறேன் என்றதற்கு மூன்று நாள் சாப்பிடாத தாய்மார் உண்டு. அடுத்த வீட்டுப் பிள்ளை ஊழியத்துக்குப் போனால் மேடையில் கூப்பிட்டுச் சால்வை போடுகிறோம். நம் வீட்டிலே நடந்தால் மாத்திரம் அது சத்துருவின் தந்திரமா?

நீங்கள் நம்பாத ஒன்றுக்குச் சம்மதம் சொல்லுங்கள் என்று நான் கேட்கவில்லை. உங்கள் பயத்தை அவர்களிடத்தில் சொல்லுங்கள். அவர்கள் பதில் சொல்லட்டும். போதகரையும் வைத்துப் பேசுங்கள். ஒரு வருஷம் பொறுத்திரு என்று சொல்லவேண்டியதாயிருந்தால் சொல்லுங்கள். மெய்யான அழைப்பு ஒரு வருஷத்தில் செத்துப்போகாது. ஆனால் அவர்கள் போய்விட்டால், போய்ப் பாருங்கள். அன்னாள் தன் பிள்ளையைச் சீலோவிலே விட்டுவிட்டு வந்தவள். ஆனாலும் வருஷந்தோறும் பலிசெலுத்தப் போகையில் ஒரு சின்னச் சட்டை தைத்துக் கொண்டுபோனாள் என்று 1 சாமுவேல் 2:19 சொல்லுகிறது. போன வருஷத்து அளவு இந்த வருஷம் பற்றாது. பிள்ளை எவ்வளவு வளர்ந்திருப்பான் என்று வீட்டிலிருந்தே நினைத்து நினைத்துத் தைத்திருப்பாள். கோயிலிலே அந்தப் பிள்ளை அதைப் போட்டுக்கொண்டுதான் விளக்கருகே படுத்திருந்திருப்பான்.

உங்கள் பிள்ளை தங்கியிருக்கிற அறையை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? வருகிற மாதம் ஒரு நாள் பஸ் ஏறுங்கள். கூட்டத்துக்குப் போகாவிட்டாலும் பரவாயில்லை. ஒரு பையிலே கொஞ்சம் ஊறுகாயும், ஒரு சட்டைத்துணியும் கொண்டுபோங்கள். அளவு தெரியாவிட்டால், அங்கே போய்க் கேட்டு, பக்கத்துத் தையல்கடையிலே கொடுத்துவிட்டு வாருங்கள்.